மஸ்ட்டுக்கு மதிப்பில்லாத ஊர்

லண்டன்

அன்புள்ள சித்தப்பாவுக்கு,

இந்த ஊர் இங்கிலீஷ் எப்படி இருக்கிறது என்று கேட்டிருந்தீர்கள். ரென் அண்ட் மார்ட்டின் இலக்கணப் புத்தகத்தை வைத்துக்கொண்டு, 'மஸ்ட் என்றால் கட்டாயம், ஷுட் என்றால் கடமை, மே என்றால் அனுமதி' என்று தெருப்பிள்ளைகள் அத்தனை பேரையும் ஒப்பிக்க வைத்தவர் நீங்கள். உங்கள் பாடத்தில் குறையே இல்லை. இந்த ஊர்க்காரர்கள்தான் உங்களிடம் படிக்கவில்லை.

என் மேலாளர் நல்ல மனுஷி. அவர் வாயிலிருந்து 'மஸ்ட்' வந்து நான் கேட்டதில்லை. "விருப்பமிருந்தால் அந்த ரிப்போர்ட்டை இன்னொரு தடவை பார்க்கலாமே" என்று மைட் போட்டு மெல்லக் கேட்பார். பார்த்து முடிக்காமல் வீட்டுக்குக் கிளம்பாதே என்று அர்த்தம். நம்மூர் ஹெட்கிளார்க் மேஜையைத் தட்டிச் சொல்வதே தேவலை. அவரிடம் முணுமுணுக்கவாவது முடியும்.

பக்கத்து வீட்டுக்காரர் இதற்கு நேர் எதிர். பார்க்கும்போதெல்லாம் "ஒருநாள் நீங்கள் சாப்பிட வந்தே ஆகவேண்டும்" என்பார். கலப்படமில்லாத மஸ்ட். எந்த நாள் என்று மட்டும் சொல்வதில்லை. தேதி சொல்லாத மஸ்ட் என்றால் 'போய்வாருங்கள்' என்றுதான் பொருளாம். ஆபீஸ் நண்பர் விளக்கினார். நம் வீட்டில் "சாப்பிட்டுத்தான் போகணும்" என்ற குரல் வரும்போது இலை போட்டாகியிருக்கும்.

பேச்சில்தான் இப்படி. எழுத்தில் வந்துவிட்டால் கதையே வேறு. இந்திய லைசென்ஸ் இங்கே குடியேறி 12 மாதம்தான் செல்லும் என்பதால், இந்த ஊர் லைசென்ஸ் எடுக்க ஹைவே கோடு என்ற சாலை விதிப் புத்தகத்தைப் படித்துக்கொண்டிருக்கிறேன். 1931-இல் ஒரு பென்னி விலைக்கு முதலில் வந்த அரசு வெளியீடு. அதில் மஸ்ட், மஸ்ட் நாட் இரண்டும் கேப்பிடல் எழுத்தில் இருந்தால் பின்னால் சட்டம் நிற்கிறது. மீறினால் அபராதம், லைசென்ஸில் புள்ளிகள், முற்றிப்போனால் சிறைகூட. ஷுட் என்றால் புத்திமதி. மோட்டார் சைக்கிளில் போகிறவருக்கு ஹெல்மெட் மஸ்ட். சைக்கிளில் போகிறவருக்கு வெறும் ஷுட். தலைப்பாகை கட்டிய சீக்கியர்களை மட்டும் அந்த மஸ்ட்டிலிருந்து விடுவிக்க 1976-இல் தனிச்சட்டமே போட்டார்கள். புத்திமதிதானே என்று ஷுட்டை உதறிவிடவும் வழியில்லை. விபத்து வழக்கு வந்தால் அதையும் கோர்ட்டில் எடுத்து நீட்டலாம். கோர்ட் வரை துரத்தி வரும் புத்திமதியை நம் பெரியப்பாகூடச் சொன்னதில்லை!

லைசென்ஸுக்கான தியரி தேர்வில் 50 கேள்விக்கு 43 சரியாக இருக்கவேண்டும். இதில் ஷுட்டுக்கு இடமில்லை.

சுரங்க ரயில் நிலையத்தின் நகரும் படிக்கட்டில் 'நாய்களைத் தூக்கிச் செல்லவேண்டும்' என்று மஸ்ட் போட்டு எழுதியிருக்கும். அப்படியானால் நாய் இல்லாதவன் எங்கே போவான் என்பது இங்கே பழைய ஜோக். நீங்கள் வரும்போது நேரில் காட்டுகிறேன்.

வருவது பற்றி ஒன்று. சித்தி நெய் காய்ச்சி ஜாடியில் எடுத்து வைத்திருப்பதாக அம்மா போனில் சொன்னாள். இந்தியாவிலிருந்து பால் பொருள் எதையும் இங்கே கொண்டுவர முடியாது. விமான நிலையத்திலேயே பிடுங்கிக்கொள்வார்கள். பருப்புப்பொடி தாராளமாக வரலாம். சித்தியிடம் இதைப் பக்குவமாக, ஆனால் கேப்பிடல் எழுத்தில் சொல்லிவிடுங்கள். என் மேலாளர் பாணியில் "விருப்பமிருந்தால் நெய்யை விட்டுவிட்டு வரலாமே" என்று ஆரம்பித்தீர்களானால் ஜாடி இரண்டாகிவிடும்.

அன்புடன்,
ராகவன்