முதலை விழுங்கிய பிபிடி

எங்கள் வீட்டுக்குக் கம்ப்யூட்டர் வந்ததற்கு முழுக் காரணம் சனிக்கிழமை. பதினாலு மிஷின் போட்டுப் பனியன் ஜாப் ஒர்க் ஓட்டுகிறவனுக்கு வாரத்தில் ஆறு நாள் தொழில் என்றால், அதில் ஒரு நாள் கண்டம். சம்பளக் கணக்கு என் மனைவி கையில். பீஸ் ரேட், ஓவர்டைம், அட்வான்ஸ் எல்லாவற்றையும் நோட்டில் எழுதிக் கூட்டுவாள். மறுபடி கூட்டுவாள். இரண்டு கூட்டலும் ஒத்துவராத நிமிஷத்தில் நிமிர்ந்து என்னைப் பார்ப்பாள். அந்தப் பார்வைக்குப் பயந்துதான் கோயமுத்தூருக்குப் பஸ் ஏறினேன்.

கடையில் இருந்த தம்பி மரியாதையான பையன். பில் போடும் முன்னால், "ஆபீஸ் வேணுங்களாண்ணா?" என்றான்.

"ஆபீஸெல்லாம் இருக்குதுங்க தம்பி, சேவூர் ரோட்டுல."

அவன் சிரிக்கவில்லை. என்னைப்போல நாளைக்கு நாலு பேர் வருவார்கள் போலிருக்கிறது. எம்எஸ் ஆபீஸ் என்று விளக்கினான். ஒருதரம் காசு கட்டி வாங்குவதும் உண்டு, வருஷா வருஷம் சந்தா கட்டுவதும் உண்டு, வீட்டுக்கென்றால் ஃபேமிலி பிளான், ஆறு பேர் வரை வைத்துக்கொள்ளலாம் என்றான். நாமிருவர் நமக்கிருவர் என்று சுவரில் படித்து வளர்ந்தவன் நான். ஆறு பேருக்கு இடம் கொடுக்கும் குடும்பத் திட்டத்தை அன்றைக்குத்தான் பார்த்தேன். ஆனால் சந்தா என்பது உறைத்தது. ஒரு ஓவர்லாக் மிஷின் வாங்கினால் மோட்டார் புகைகிற வரைக்கும் அது என்னுடையது. பொங்கலுக்குப் பொங்கல் வந்து யாரும் "தைத்தது போதும், இந்த வருஷத்துக் காசு?" என்று கேட்பதில்லை. யோசித்துச் சொல்கிறேன் என்று பெட்டியை மட்டும் தூக்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

வீட்டுக்குள் வைத்த அரைமணியில் அது சம்பளக் கணக்குக்கான சாமான் இல்லை என்று ஆகிவிட்டது. பிளஸ் ஒன் படிக்கிற மகள் சொன்னாள்: "அப்பா, திங்கக்கெழமை 'எங்கள் ஊர்'னு பிபிடி காட்டோணும். மார்க் இருக்குது." எனக்கும் உள்ளுக்குள் ஒரு பிபிடி ஆசை இருந்தது. ஒரு பையிங் ஆபீஸில் கம்பெனி புரொஃபைல் அனுப்பச் சொல்லி மூன்று மாதம் ஆகிறது. பதினாலு மிஷினும் ஒரு டீ கேனும் இருக்கிற கம்பெனியின் புரொஃபைலை எத்தனை பக்கத்துக்கு இழுப்பது என்று தெரியாமல் தள்ளிப்போட்டிருந்தேன்.

பிபிடி என்பது எங்கள் பக்கம் ஒரு சாமானின் பெயர். எதில் செய்தாலும் பிபிடிதான், எந்த மிஷினில் எடுத்தாலும் ஜெராக்ஸ் ஆகிற மாதிரி. அதை எதில் செய்வது என்று கேட்டதுதான் நான் செய்த தப்பு. ஞாயிற்றுக்கிழமை காலையில் பெண் பார்க்கக் கூடுகிறமாதிரி சொந்தம் கூடிவிட்டது.

மச்சினன் கோவையில் ஐடியில் இருக்கிறான். "மாமா, ஒலகமே பவர்பாயிண்ட்ல ஓடுது. அதையே போடுங்க" என்றான். ஐடிக்காரன் முன்னால் தோற்கக்கூடாதென்று முந்தின ராத்திரி போனில் கொஞ்சம் படித்து வைத்திருந்தேன். அதை எடுத்து விட்டேன். பவர்பாயிண்டைச் செய்தது மைக்ரோசாஃப்டே இல்லை. ஃபோர்தாட் என்ற சின்னக் கம்பெனி. ராபர்ட் கேஸ்கின்ஸ், டென்னிஸ் ஆஸ்டின் என்று இரண்டு பேர். முதலில் வைத்த பேர் பிரசன்டர். 1987-இல் வெளியே வந்தபோது அது ஓடியதே ஆப்பிளின் மெக்கின்டாஷில்தான். அதே வருஷம் 1.4 கோடி டாலர் கொடுத்து மைக்ரோசாஃப்ட் அந்தக் கம்பெனியையே வாங்கிப்போட்டது.

"அப்ப நம்மளாட்டத்தான். தெச்சது ஒருத்தன், லேபிள் அடிச்சது இன்னொருத்தன்" என்றேன். மச்சினன் அதற்குப் பிறகு காபி குடிக்கிற வரைக்கும் பேசவில்லை.

அடுத்தது அக்கா மகன். 2011-இல் தமிழ்நாடு அரசு லேப்டாப் கொடுக்க ஆரம்பித்ததே, அதில் ஒன்று வாங்கினவன். திருமுருகன்பூண்டிப் பக்கம் ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனியில் இப்போது மெர்ச்சண்டைசர். அந்த லேப்டாப்பில் விண்டோஸ் ஒரு பக்கம், சி-டாக் செய்த பாஸ் லினக்ஸ் ஒரு பக்கம் என்று இரண்டு இருந்தன. திறந்ததும் 'எது வேண்டும்' என்று கேட்கும். பாஸைத் தொட்டால் முதலாளி கோபித்துக்கொள்வார் என்று நினைத்து ஆறு மாதம் விண்டோஸிலேயே இருந்தானாம். பிறகு ஒருநாள் கை தவறித் தொட்டு, அங்கேயே தங்கிவிட்டான். அவன் கட்சி லிப்ரே ஆபீஸ்.

"காசே இல்லீங்க மாமா. காலம்பூரா."

என் மனைவி உள்ளேயிருந்து வந்தாள். பனியன் தொழிலில் காசில்லாமல் கிடைப்பது கட்டிங் வேஸ்ட் மட்டும்தான், அதையும் இப்போது எடை போட்டு விற்கிறார்கள். "சும்மா குடுக்கறாங்களா? எதுக்கு?" என்று அவள் கேட்டது நியாயம். அக்கா மகன் வம்சாவளி சொன்னான். ஜெர்மனிக்காரர்கள் செய்த ஸ்டார் ஆபீஸ், அதை வாங்கின சன் கம்பெனி, அது எல்லாருக்கும் திறந்துவிட்ட ஓபன் ஆபீஸ், 2010-இல் சன்னையே ஆரக்கிள் வாங்கியது, அங்கே இருக்கப் பிடிக்காதவர்கள் அதே வருஷம் பாகம் பிரித்துக்கொண்டு வந்து வைத்த வீடுதான் லிப்ரே ஆபீஸ். உமாசங்கர் ஐஏஎஸ் தமிழ்நாடு அரசின் எல்காட் நிறுவனத்தில் இருந்த காலத்திலேயே அந்த நிறுவனம் லினக்ஸுக்கும் ஓபன் ஆபீஸுக்கும் மாறியது என்றும் சொன்னான். பாகப்பிரிவினை, ஐஏஎஸ் அதிகாரி என்று வந்ததும் என் மனைவிக்கு நம்பிக்கை வந்துவிட்டது.

எனக்கோ ஜோஹோ. தென்காசிப் பக்கம் மத்தளம்பாறையில் உட்கார்ந்து மென்பொருள் செய்கிறார்கள் என்று படித்ததிலிருந்தே ஒரு பாசம். 2025-இல் மத்திய அமைச்சர் அஸ்வினி வைஷ்ணவ் பத்திரிகைக்காரர்களுக்குக் காட்டின பிபிடியை ஜோஹோ ஷோவில் செய்ததென்று சொல்லிக் காட்டினாரே, அன்றைக்கு நானே தைத்துக் கொடுத்த மாதிரி இருந்தது. மகள் யாரையும் பார்க்காமல், "எதையுமே போட வேண்டாம்ப்பா, கூகுள் ஸ்லைட்ஸ் பிரவுசர்லயே ஓடும்" என்றாள். நெட் இருந்தால் ஓடும். எங்கள் சந்தில் நெட்டும் கரண்டும் ஒட்டுக்கா வந்து ஒட்டுக்கா போகிறவை.

முடிவு? நாலையும் வைத்துக்கொண்டோம். மச்சினன் அவனுடையதைப் போட்டுக் கொடுத்தான். அவன் கட்டும் குடும்பத் திட்டத்தில் ஐந்து இடம் காலியாக இருந்ததாம். பெண் பார்க்கப் போய் நாலு பேரையும் கூட்டி வந்த குடும்பம் எங்களுடையதுதான்.

இனி விஷயத்துக்கு வருகிறேன்.

எங்கள் ஊர் என்றால் சுந்தரர்தான். குளத்தில் குளிக்கப்போன பிள்ளையை முதலை விழுங்கிவிட்டது. வருஷங்கள் கழித்து அந்த வழியாக வந்த சுந்தரர், ஒரு வீட்டில் பூணூல் கல்யாண மேளமும் எதிர்வீட்டில் அழுகையும் கேட்டு விசாரித்துவிட்டு, குளக்கரையில் நின்று பதிகம் பாடினார். முதலை வந்து பிள்ளையைக் கரையில் உமிழ்ந்தது. விழுங்கின வயசில் இல்லை, போன வருஷமெல்லாம் சேர்ந்து வளர்ந்த பிள்ளையாக. அவிநாசியில் பிறந்த எவனுக்கும் இந்தக் கதையைச் சொல்லித்தர வேண்டாம். மகள் முடிவு செய்துவிட்டாள்: முதலை நீந்தி வரும், வாயைத் திறக்கும், பிள்ளை வெளியே வரும். மற்ற ஸ்லைடெல்லாம் பேருக்கு.

தலவரலாற்றுக்கு நான் உதவினேன். பத்து வருஷம் முன்னால் அச்சகத்தில் ஒரு நோட்டீஸுக்காக அடித்த ஃபைல் பென் டிரைவில் இருந்தது. திறந்து, எடுத்து, ஸ்லைடில் ஒட்டினேன். முதல் வரியில் ஊர்ப்பேர் இருக்க வேண்டிய இடத்தில் எம், டி, பி, ஈ, எச், ஆர், பி என்று ஏழு ஆங்கில எழுத்து நின்றது. வைரஸ் என்று பயந்து கையை எடுத்துவிட்டேன். அக்கா மகன் எட்டிப் பார்த்து, "பாமினிங்க மாமா" என்றான். யாரென்று என் மனைவி திரும்பிப் பார்த்தாள். பாமினி ஒரு பழைய எழுத்துரு. அதில் 'அ'வுக்கு எம், 'வ'வுக்கு டி, கொக்கிக்கு பி. அந்த எழுத்துரு இருக்கிற மிஷினில் அவிநாசி, இல்லாத மிஷினில் அந்த ஏழெழுத்து. விநாசமே இல்லாத ஊர் என்று பேர் வைத்தவர்கள் இதை எதிர்பார்த்திருக்க மாட்டார்கள். யூனிகோடுக்கு மாற்றி எடுத்தபிறகுதான் ஊர் திரும்பக் கிடைத்தது.

ராத்திரி பதினோரு மணிக்கு முதலை தயாரானது. பல் தெரியச் சிரிக்கிற பச்சை முதலை. அது இடது ஓரத்திலிருந்து அசைந்து அசைந்து வந்து கரையில் தலை வைக்கும். ஒரு கிளிக். வேட்டி கட்டிய பையன் வாயருகில் சின்னதாய்த் தோன்றிப் பெரிதாகிக்கொண்டே வெளியே வருவான். வளர்ந்த பிள்ளை என்று காட்டவேண்டுமாம். எங்கம்மா கட்டிலில் இருந்தபடியே ஏழு தரம் போடச்சொல்லிப் பார்த்தது. ஏழாவது தரம் கன்னத்தில் போட்டுக்கொண்டது.

மகள் அதை எந்த மென்பொருளில் செய்தாள், பள்ளிக்கூடத்துக் கம்ப்யூட்டரில் எது இருந்தது என்றெல்லாம் சொல்லமாட்டேன். துணியில் கறை விழுந்தால் டையிங்காரர் காம்பேக்டிங்கைக் கைகாட்டுவார், காம்பேக்டிங்காரர் நிட்டிங்கை, நிட்டிங்காரர் நூல் மில்லை. இந்தப் பஞ்சாயத்தில் இருபது வருஷம் உட்கார்ந்தவன் நான். கறை எப்போதும் ஒரு கம்பெனிக்கும் இன்னொரு கம்பெனிக்கும் நடுவில், டெம்போவில்தான் விழும். இங்கே டெம்போ என்பது பென் டிரைவ். ஒன்றில் செய்ததை இன்னொன்றின் ஃபைலாகச் சேமித்தோம். 4 எம்பியாகப் போனது 19 எம்பியாக வந்தது. முதலை வயிற்றில் பிள்ளை வளர்ந்த ஊரில் இதைச் சந்தேகப்பட வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை.

திங்கட்கிழமை வகுப்பில் நடந்ததை மகள் சொல்லக் கேட்டேன். ஸ்லைடு திறந்ததும் பையன் முன்கூட்டியே கரையில் நின்றுகொண்டிருந்தான், வேட்டியும் சிரிப்புமாக. 'தோன்று' என்று சொல்லி வைத்ததை அந்தக் கம்ப்யூட்டர் காதில் வாங்கவில்லை. முதலை மட்டும் சொன்னபடி கேட்டது. இடது ஓரத்திலிருந்து அசைந்து அசைந்து வந்தது. பையன் மேல் ஏறி நின்றது. பையனைக் காணோம். கிளிக் செய்தாள். மறுபடி கிளிக் செய்தாள். 'நன்றி' என்று அடுத்த ஸ்லைடு வந்துவிட்டது.

வகுப்பு கைதட்டியதாம்.

அன்றைக்கு ராத்திரி தூக்கம் வரவில்லை. எங்களிடம் ஒரு லைட் பாக்ஸ் இருக்கிறது. துணியின் நிறத்தை வெயிலில் பார்த்து ஓகே சொன்னால் தொலைந்தோம். பையர் கடையில் எரிகிற விளக்கு வேறு. அவன் டிஎல்84 என்று எழுதியிருந்தால் அந்த விளக்கைப் போட்டுத்தான் ஷேடு பார்க்க வேண்டும், பகல் வெளிச்சத்துக்கான டி65-இல் எவ்வளவு அழகாக இருந்தாலும் சரி. இருபது வருஷத்தில் ஒரு பீஸ் கூட பையர் விளக்கில் பார்க்காமல் அனுப்பியதில்லை. மகளின் முதலையை மட்டும் வீட்டு விளக்கில் பார்த்து டெலிவரி போட்டுவிட்டேன். நாலு மென்பொருளுக்கு நாலு மணிநேரம் பேசினவர்களில் ஒருத்தருக்குக்கூட, பள்ளிக்கூடத்தில் என்ன வைத்திருக்கிறார்கள் என்று ஒரு போன் போடத் தோன்றவில்லை. என்னையும் சேர்த்துத்தான்.

மார்க் வந்தது. குறையவில்லை. படம் சொதப்பினதும் மகள் திரையைப் பார்க்காமல் கதையை வாயாலேயே சொல்லியிருக்கிறாள். என்னுடைய கம்பெனி புரொஃபைல் பிடிஎஃப்பாக வாட்சாப்பில் போயிருக்கிறது. இரண்டு டிக்கும் நீலமாகிவிட்டது, பதில் இல்லை. சம்பளக் கணக்கு இன்னும் நோட்டில்தான் நடக்கிறது. மகள் மட்டும் விடவில்லை. அடுத்த மாதம் ஆண்டுவிழாவில் அதே முதலையைக் காட்டச் சொல்லியிருக்கிறார்களாம், இந்தத் தடவை ஒழுங்காக. தினமும் சாயங்காலம் அதைத் திறந்துவைத்து உட்கார்ந்துவிடுகிறாள். நேற்றும் அப்படித்தான். கட்டிலில் இருந்து எங்கம்மா குரல் கொடுத்தது.

"கண்ணு, பையன் வெளிய வந்துட்டானா?"

"இல்லீங்க அப்பத்தா. அப்டேட் ஓடுது."