பின்னமும் வாஷரும்

இந்தியாவில் 2012இல் தொடங்கிய ‘பாட்’ திட்டம், ஓர் அலகு பொருளை உருவாக்கச் செலவாகும் ஆற்றலை அளவுகோலாகக் கொண்டு, சிமெண்ட், ஜவுளி உள்ளிட்ட 8 துறைகளின் 478 பெரும் ஆற்றல் நுகர்வோருக்குச் சிக்கன இலக்கு விதித்தது. இந்த அளவுகோல் ஒரு பின்னம் என்பதால், மேலே உள்ள ஆற்றலைக் குறைக்க வியர்க்காமல் கீழே உள்ள உற்பத்தியைக் கூட்டினாலும் விடை அழகாகிவிடும் என்பதை எந்தக் கணக்கருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை. அதனாலேயே விதிகளில் சீரமைப்புச் சூத்திரங்கள் பக்கம் பக்கமாக நீள்கின்றன.

இதனிடையே, இலக்கு பெற்ற ஆலையிலோ, விழுங்கும் மின்சாரத்தில் பெரும்பகுதியை வெப்பமாக வெளிவிடும் கம்ப்ரசர், அதாவது காற்றை அழுத்தித் தரும் இயந்திரம், அரும்பாடுபட்டு அனுப்பும் காற்று குழாய் மூட்டுகளில் உஸ்ஸென்று கசிய, ஆலை ஓய்ந்த ஞாயிற்றுக்கிழமையில் வெறுங்காதுக்கே கேட்கும் அவ்வோசையைக் கண்டறிய மீயொலிக் கருவி வாங்கும் கோப்பு மேசை மேசையாக நகர்கிறது. கசியும் மூட்டை அடைக்கும் வாஷர் வாங்குவதற்குத் தனிக் கோப்பு.