பிடித்த பத்தும் பிடிக்காத சிலரும்

நாவல் எழுதி வெளியிட்டால் நாவலைப் பற்றிக் கேட்பார்கள் என்று நினைத்திருந்தேன். கேட்கிறவர்கள் எல்லோரும் "உங்களுக்குப் பிடித்த பத்துப் புத்தகங்கள் என்னென்ன?" என்றுதான் கேட்கிறார்கள். ஓர் எழுத்தாளரின் புத்தகத்தைப் படிக்காமலே அவரோடு கௌரவமாகப் பேச இதைவிட நல்ல வழி கிடையாது. பல எழுத்தாளர்களிடம் நானும் இதையே கேட்டுத் தப்பித்திருக்கிறேன்.

பதிப்பகத்தில் எடிட்டர் வேலை எனக்கு. அது என்ன வேலை என்பது சொந்தக்காரர்களுக்கு இன்றுவரை பிடிபடவில்லை. அடுத்தவர் நாவலில் பெய்யும் மழையைக் குறைப்பது, அழுகையைப் பாதியில் நிறுத்துவது, ஒற்று மிக வேண்டிய இடத்தில் மிகவைப்பது, 'சமகாலத்தின் தவிர்க்க முடியாத குரல்' என்று ஆசிரியரே தம்மைப் பற்றி எழுதி அனுப்பும் பின்னட்டை வாசகத்தைத் தவிர்ப்பது. இப்படி ஊர் நாவல்களையெல்லாம் இளைக்கவைத்துக்கொண்டிருந்த ஆள் தானே ஒரு நாவல் எழுதிவிட்டான் என்றதும் ஊருக்குக் கொஞ்சம் சந்தோஷம்தான். அந்தச் சந்தோஷத்தின் முதல் தவணையாக ஒரு பத்திரிகையிலிருந்து போன் வந்தது. பத்துப் புத்தகங்கள், தலா இரண்டு வரி, பின்னால் புத்தக அலமாரி தெரிகிற மாதிரி ஒரு போட்டோ. புதன்கிழமைக்குள் வேண்டும்.

பத்து என்பது கேட்கும்போதுதான் பெரிய எண். எழுத உட்கார்ந்தால் இடமே போதவில்லை. பிடித்த புத்தகப் பட்டியல் கல்யாண வீட்டு மொய் நோட்டு மாதிரி. எழுதியவன் மறந்தாலும், பெயர் விட்டுப்போனவர் மறக்கமாட்டார். உயிரோடு இருக்கும் எழுத்தாளர் ஒருவரைச் சேர்த்தால், உயிரோடு இருக்கும் மற்ற அனைவரையும் வேண்டுமென்றே விட்டதாக ஆகிவிடும். எனவே காலமானவர்கள் மட்டும் என்று முடிவு செய்தேன். அவர்களோ தலைக்கு ஒரு கட்சியை விட்டுவிட்டுப் போயிருக்கிறார்கள். தி. ஜானகிராமன் என்று எழுதி முடிப்பதற்குள் 'மோகமுள்' கட்சியும் 'அம்மா வந்தாள்' கட்சியும் கொடியோடு வந்துவிடுகின்றன. அசோகமித்திரனின் 'பதினெட்டாவது அட்சக்கோடு' என்றால் 'தண்ணீர்' ஏன் இல்லை என்பார்கள். காவிரிக் கரைக்கு ஒன்று கொடுத்தபின் கரிசலுக்குக் கொடுக்காமல் இருக்க முடியுமா? கி. ராஜநாராயணனின் 'கோபல்ல கிராமம்'. நாஞ்சில் நாட்டுக்கு 'ஒரு புளியமரத்தின் கதை'. அந்தப் பக்கம் போகிறோமே என்று ஹெப்சிபா ஜேசுதாசனின் 'புத்தம் வீடு'. மதுரைக்கு ஜி. நாகராஜனின் 'நாளை மற்றுமொரு நாளே'. எல்லாமே எனக்கு நிஜமாகவே பிடித்த புத்தகங்கள். ஆனால் வரிசையாக எழுதிப் பார்த்தபோது தொகுதிப் பங்கீடு முடிந்து கையெழுத்துக்குக் காத்திருக்கும் காகிதம் போலத்தான் இருந்தது. டெபாசிட் போய்விடக் கூடாதே என்று ரஷ்யாவிலிருந்தும் ஒன்று சேர்த்தேன்.

'பொன்னியின் செல்வன்' விஷயம் தனி. சேர்த்தால் நண்பர்கள் முகத்தில் விழிக்க முடியாது. சேர்க்காவிட்டால் சொந்தக்காரர்கள் முகத்தில் விழிக்க முடியாது. நண்பர்களை அடிக்கடி பார்க்க வேண்டியிருப்பதால் விட்டுவிட்டேன்.

பட்டியல் போடுவதைத் தமிழில் ஒரு தனி இலக்கிய வகையாகவே வளர்த்துவிட்டவர் க.நா.சுப்ரமண்யம். மனிதர் 'பொய்த்தேவு' எழுதினார். நட் ஹாம்சனை 'நிலவளம்' என்று தமிழுக்குக் கொண்டுவந்தார், செல்மா லாகர்லெவை 'மதகுரு' என்று கொண்டுவந்தார். பத்திரிகைகள் நடத்தினார், கைக்காசைத் தொலைத்தார். ஆனாலும் அவர் பெயரைச் சொன்னதும் இன்றைக்கும் சண்டை வருவது அவருடைய பட்டியல்களைப் பற்றித்தான்.

என் பட்டியலில் யாருக்காகவும் சேர்க்காமல், முதலிலேயே எழுதிய பெயர் ஒன்று உண்டு: உ.வே.சாமிநாதையரின் 'என் சரித்திரம்'. அது நாவல் இல்லை. ஆனால் பட்டியல் போடும் எவனும் படித்துவிட்டுப் பயப்பட வேண்டிய ஒரு காட்சி அதில் இருக்கிறது. 1880ஆம் ஆண்டு. கும்பகோணம் கல்லூரியில் ஐயர் புதிதாகத் தமிழாசிரியர் ஆகியிருக்கிறார். ஊருக்கு முன்சீபாக வந்திருந்த சேலம் இராமசுவாமி முதலியாரைப் பார்க்கப் போகிறார். என்ன படித்திருக்கிறீர்கள் என்று முதலியார் கேட்கிறார். ஐயர் யார்? மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் பாடம் கேட்டவர். அந்தாதியில் ஆரம்பிக்கிறார். எந்தெந்த அந்தாதி என்று வரிசையாக. அப்புறம் பிள்ளைத்தமிழ்கள். கோவைகள், உலாக்கள், புராணங்கள். முதலியார் முகத்தில் ஓர் அசைவும் இல்லை. இதைச் சொன்னால் அசருவார், அதைச் சொன்னால் அசருவார் என்று ஐயர் ஒவ்வொன்றாக எடுத்துவைக்க, அவரோ இதெல்லாம் படித்து என்ன பிரயோசனம் என்கிற தோரணையில் உட்கார்ந்திருக்கிறார். கடைசியில், சீவக சிந்தாமணி படித்ததுண்டா என்று கேட்கிறார். ஐயர் படித்ததில்லை.

அதற்குப் பிறகு நடந்தது ஊரறிந்த கதை. தேடித் தேடி ஏடுகளைச் சேர்த்து, பாடபேதங்களை ஒப்பிட்டு, 1887ல் சிந்தாமணியை அச்சில் கொண்டுவந்தார். ஒருவர் தம் படிப்புப் பட்டியலைச் சொல்ல, இன்னொருவர் உதட்டைப் பிதுக்க, தமிழுக்குச் சிந்தாமணி கிடைத்தது. இன்றைக்கு என் பட்டியலைப் பார்த்து யாராவது உதட்டைப் பிதுக்கினால் நான் முதல் காரியமாக அவரை வாட்ஸ்அப்பில் பிளாக் செய்வேன். ஆனந்த விகடனில் 1940ல் தொடங்கிய அந்தச் சரித்திரம், 1942ல் ஐயர் மறைந்ததால் பாதியில் நிற்கிறது. நான் எடிட் செய்ய வரும் நாவல்களோ கதை முடிந்த பிறகும் நாற்பது பக்கம் நடக்கின்றன.

என்னுடையதும் நடந்தது. சொந்த நாவலைச் சொந்தக் கையால் எடிட் செய்யக் கூடாது என்று பதிப்பாளர் கண்டிப்பாகச் சொல்லி, அலுவலகத்தில் புதிதாகச் சேர்ந்திருந்த பெண்ணிடம் கொடுத்துவிட்டார். நான் தொழில் சொல்லிக் கொடுத்த பெண். நன்றாகவே சொல்லிக் கொடுத்திருக்கிறேன் என்பது புரூஃப் திரும்பி வந்தபோது தெரிந்தது. முதல் பக்கத்தில், முதல் வரிக்கு எதிரே, பென்சிலில் பொடி எழுத்தாக: "சார், மழை?" மழையில் ஆரம்பிக்கும் நாவல்களை மூன்றாவது பக்கத்துக்கு மேல் படிக்காதே என்று அவளிடம் சொன்னது நான்தான். கொஞ்சம் தள்ளி ஒரே பக்கத்தில் நான்கு 'மெல்ல'க்களுக்கு வட்டம். மெல்லத் திரும்பினான், மெல்லச் சிரித்தாள், கதவு மெல்லத் திறந்தது. நான்காவதில் ஒரு நாய் மெல்லக் குரைத்திருந்தது. அதற்கு இரட்டை வட்டம். பாட்டி சாகும் அத்தியாயத்தின் ஓரத்தில்: "பாட்டி இரண்டு அத்தியாயம் முன்னாடியே போயிருக்கலாம்." வாழ்க்கையைப் பற்றி நான் யோசித்து யோசித்து எழுதிய ஒன்றரைப் பக்கத்துக்கு எதிரே மேலிருந்து கீழாக நேராக ஒரு கோடு, நடுவில் ஒரு கேள்விக்குறி.

எல்லாவற்றுக்கும் கீழே 'வேண்டுமென்றே எழுதியது' என்று பதில் எழுதித் திருப்பிக் கொடுத்தேன். மறுநாள் என் மேஜைக்கு வந்து நின்றாள்.

"சார், மாத்தச் சொன்னா எல்லா ஆசிரியர்களும் 'வேண்டுமென்றே'ன்னுதான் எழுதுவாங்க, கண்டுக்காதேன்னு சொல்லியிருக்கீங்க."

"நான் வேற யாரையோ சொன்னேம்மா."

"அப்ப நாய்?"

நாய் போயிற்று. பாட்டி முன்கூட்டியே காலமானார். வாழ்க்கையைப் பற்றிய ஒன்றரைப் பக்கம் அரைப் பக்கமாகி, பிறகு வாழ்க்கையே இல்லாமல் போயிற்று. மொத்தத்தில் மூன்று ஃபார்ம், அதாவது 48 பக்கம் இளைத்தது. மழை மட்டும், பதிப்பாளரிடம் நேரில் போய்ப் பேசியதால், தூறலாக நிற்கிறது.

அந்த நாட்களில் ஆறுதலுக்காக, என் தொழிலில் இருந்துகொண்டு நாவல் எழுதியவர்களைத் தேடிப் படித்தேன். அதிகம் பொறாமைப்பட்டது கல்கி மேல். அவருடைய முதல் நாவல் 'கள்வனின் காதலி' 1937ல் வெளிவந்தது எங்கே? அவர் ஆசிரியராக இருந்த ஆனந்த விகடனிலேயே. பிறகு சொந்தப் பத்திரிகையில், 1950 முதல் 1954 வரை, 'பொன்னியின் செல்வன்' ஐந்து பாகம். ஓரத்தில் கோடு கிழித்துக் கேள்விக்குறி போட ஆள் இல்லாத வாழ்க்கை எப்பேர்ப்பட்ட வாழ்க்கை! 'கமலாம்பாள் சரித்திரம்' எழுதிய ராஜமையர் எதிர்த் திசையில் போனார். நாவலை 'விவேக சிந்தாமணி'யில் முடித்துவிட்டு, அப்புறம்தான் 1896ல் 'பிரபுத்த பாரத'த்துக்கு முதல் ஆசிரியரானார். இரண்டே வருஷத்தில், 26 வயதில் போய்ச் சேர்ந்தார். பாரதியார் சுதேசமித்திரனில் உதவி ஆசிரியராக இருந்தவர். அவருடைய 'சந்திரிகையின் கதை' முற்றுப்பெறவில்லை. யாரும் அதைக் குறையாகச் சொல்வதில்லை. இந்த யோசனை எனக்குக் காலத்தே வரவில்லை.

வெளிநாட்டிலும் தேடினேன். டோனி மாரிசன் ராண்டம் ஹவுஸில் எடிட்டராக இருந்தவர். இரண்டு குழந்தைகளைத் தனியாக வளர்த்துக்கொண்டு, விடிவதற்கு முன் எழுந்து எழுதி, 1970ல் 'தி புளூயஸ்ட் ஐ' நாவலை வேறொரு பதிப்பகத்தில் வெளியிட்டார். வேறொரு பதிப்பகத்தில் என்பதுதான் விவேகம். தாம் சொல்லிக் கொடுத்த பெண் கையில் பென்சிலைக் கொடுத்துவிட்டு உட்காரவில்லை. அமெரிக்க நாவலாசிரியர் இ.எல். டாக்டரோ இன்னும் நமக்கு நெருக்கமானவர். சினிமா கம்பெனிக்காகக் கதைகளைப் படித்துச் சுருக்கிச் சொல்லும் வேலை. படித்தது அத்தனையும் கௌபாய் கதைகள். வெறுத்துப்போய்க் கிண்டலாக எழுத ஆரம்பித்தது நல்ல நாவலாகிவிட்டது, 1960ல் வெளிவந்தது. நானும் கிண்டலாக எழுதத் தொடங்கியிருக்க வேண்டும். எழுதி முடித்த பிறகு கிண்டல் செய்தால் விற்பனைக்கு ஆகாது.

விற்பனை என்றதும் நந்தனம் புத்தகக் காட்சி ஞாபகம் வருகிறது. பொங்கல் சமயம், ஒய்.எம்.சி.ஏ. மைதானத்துப் புழுதி, எங்கள் அரங்கில் வாசல் பக்கத்திலேயே என் நாவலை அடுக்கிவைத்திருந்தார்கள். முதலில் வந்து வாங்கியவர்கள் யார் என்று பார்த்தால், எல்லோரும் தெரிந்த முகங்கள். நான் கையெழுத்துப் பிரதியைத் திருப்பி அனுப்பியவர்கள். என் கடிதத்தைச் சட்டைப் பையிலேயே வைத்திருப்பார்களோ என்று சந்தேகம் வரும்படியான சிரிப்பு. ஒருவர் அங்கேயே நின்று இரண்டு பக்கம் படித்தார். "மழை நல்லா வந்திருக்கு சார்" என்றார். அவர் நாவலிலும் மழைதான். விமர்சனம் எழுதப் போவதாகச் சொல்லி, மூன்று பிரதி வாங்கிக்கொண்டு போனார். விரோதியானாலும் முழு விலை கொடுத்து வாங்குகிறார். நண்பர்கள் ஆசிரியர் பிரதி கேட்கிறார்கள்.

புரூஸ்ட் பிரதியை ஆந்திரே ழீது இருந்த பதிப்பகம் நிராகரித்த கதையை இப்படித் திருப்பி அனுப்பப்பட்டவர்கள் எல்லோருமே எனக்குச் சொல்லியிருக்கிறார்கள். உண்மைதான். புரூஸ்ட் கைக்காசு போட்டு 1913ல் முதல் பாகத்தை வெளியிட, ழீது வருந்தி மன்னிப்புக் கடிதம் எழுதினார். ஆனால் அந்தக் கதையில் எல்லோரும் புரூஸ்டாகவே இருக்கிறார்கள் என்பதுதான் எனக்கு விளங்குவதில்லை.

பட்டியலைச் சொன்னபடி புதன்கிழமை அனுப்பினேன். இதழ் வந்தது. போட்டோவில் அலமாரி முழுசாகவும் நான் பாதியாகவும் இருந்தோம். பத்தில் ஆறுதான் இருந்தன. இடப் பற்றாக்குறை, அந்தச் சொல்லை எத்தனை பேர் மேல் பிரயோகித்திருப்பேன், எனவே எதிர்த்துப் பேச வாயில்லை. 'என் சரித்திரம்' காணோம். நாவல் இல்லையே என்று உதவி ஆசிரியர் எடுத்துவிட்டாராம். ரஷ்யா டெபாசிட் இழந்திருந்தது. காலியான முதல் இடத்தில் கொட்டை எழுத்தில் 'பொன்னியின் செல்வன்'. கேட்டதற்கு, "வாசகர்கள் எதிர்பார்ப்பாங்க சார், நீங்க மறந்திருப்பீங்கன்னு நாங்களே சேர்த்தோம்" என்றார்கள்.

அன்று சாயங்காலம் மன்னார்குடியிலிருந்து பெரியப்பா போன் செய்தார்.

"பத்திரிகையில உன்னைப் பத்திப் பார்த்தேண்டா. பொன்னியின் செல்வனை முதல்ல போட்டிருக்கே பாரு, அதான் படிச்சவனுக்கு அழகு. உங்க பெரியம்மாகிட்டக் காட்டினேன், அவளுக்கு ஒரே பெருமை. கீழே சின்ன எழுத்துல இன்னொரு நாவல் பேரும் விலையும் போட்டிருக்கானே, அது யாரு எழுதினது? நீ படிச்சிட்டியா? நல்லா இருந்தா மட்டும் சொல்லு, வாங்கறேன்."