சரக்கு இருக்கிறது, பேரேட்டைக் காணோம்

பேக்குலா என்பது இரவோடு இரவாக வந்து கணினிகளில் உள்ளதை உறிஞ்சி டேப்பில் சேர்க்கும் இலவச பேக்கப் மென்பொருள். பெயரில் டிராகுலா வாடை. கெர்ன் சிபால்ட் 2000-இல் எழுதத் தொடங்கியது. ரத்தக்காட்டேரிக்கு இல்லாத ஒரு குணம் இதற்கு உண்டு: மறதி.

எந்தக் கோப்பு எந்த டேப்பில் என்று குறித்துவைப்பது கேட்டலாக். யாரும் கைவைக்காவிட்டால் அதில் கோப்புவாரிக் குறிப்புக்கு ஆயுள் 60 நாள், ஜாப் (ஒவ்வொரு பேக்கப் ஓட்டமும் ஒரு ஜாப்) குறிப்புக்கு 180 நாள். டேப்புக்கோ 365 நாள்! சரக்கு கிடங்கில் பத்திரமாக இருக்கும். கணக்குப்பிள்ளைதான் இரண்டே மாதத்தில் பேரேட்டைக் கிழித்துவிடுவார்.

மூன்றாம் மாதம் மேலதிகாரி ஒரே ஒரு எக்செல் கோப்பைக் கேட்பார். தனியாகப் பொறுக்கப் பட்டியல் இல்லை, மொத்தத்தையும் இறக்கட்டுமா என்று மென்பொருள் பணிவாக விசாரிக்கும். பிஸ்கேன் என்றொரு கருவி டேப்பைப் படித்துப் பட்டியலை மறுபடி எழுதித் தரும். அதுவரை மேலதிகாரிக்கு எத்தனை டீ வாங்கித் தருவது?

கோபத்தில் எல்லா ஆயுளையும் பத்து வருடம் என்று ஏற்றினால் கேட்டலாக் டேட்டாபேஸ் வீங்கி, தேடல் நொண்டும்.

அமைப்புக் கோப்பில், கோப்புவாரிக் குறிப்பின் ஆயுளைத் தீர்மானிக்கும் 'ஃபைல் ரிடென்ஷன்' என்ற வரியை இன்றைக்கே ஒருமுறை பார்த்துவிடுங்கள்.