49 ரூபாய்ச் சாசனம்: செங்கல்பட்டு வட்டாரச் சிறுகளவு குறித்து ஒரு முன்னோட்ட ஆய்வு

தோற்றுவாய்

தொண்டை மண்டலத்து மிராசு நில உரிமை பற்றிச் சென்னைக் கோட்டை அரசினர் கேட்ட 17 கேள்விகளுக்கு எல்லிஸ் துரை எழுதிய பதில் 1818-இல் புத்தகமாகவும் அச்சானது. அதைப் படித்தவர்களைவிட மேற்கோள் காட்டியவர்கள் அதிகம் என்பது இவ்வாய்வாளனின் துணிபு. எம்முன் உள்ள கேள்வி ஒன்றே ஒன்று. கிரெடிட் கார்டு அறிக்கையில் மளிகைக்கும் பெட்ரோலுக்கும் நடுவே ஓசைப்படாமல் உட்கார்ந்திருக்கும் 49 ரூபாய் யார் வீட்டுப் பணம், யார் வீட்டுக்குப் போனது?

கேள்வி சிறிது என்று தள்ளுவார் தள்ளுக. அப்படித் தள்ளுவார்கள் என்று நம்பித்தான் அந்தத் தொழிலே நடக்கிறது.

இத்துறையில் முன்னோர் ஆய்வு அரிது. "விடுங்க மாமா, ஒரு டீ, ரெண்டு பஜ்ஜி காசு" என்ற என் மைத்துனரின் கூற்று ஒன்றே கிடைக்கிறது (வாய்மொழி, சிங்கப்பெருமாள் கோயில் ரயில்வே கேட், கேட் மூடியிருந்தபோது). இக்கூற்றின் பிற்பகுதி வைகை எக்ஸ்பிரஸ் ஓசையில் சிதைந்துவிட்டது.

மூலபாடம்

சாசனம் மூன்று வரி. முதல் வரியில் ஆறு மெய்யெழுத்து, உயிரெழுத்து பூஜ்யம், ஓர் உடுக்குறி, பின் ஓர் அயல்நாட்டு ஊர்ப்பெயர், ரூ. 49.00. இரண்டாம் வரியில் அந்நியச் செலாவணி மார்க்கப் மூன்றரை சதவீதம், ரூ. 1.72. மூன்றாம் வரியில் மேற்படி மார்க்கப்புக்கு ஜி.எஸ்.டி. 18 சதவீதம், 31 காசு. திருட்டுக்கு வரி கிடையாது. திருட்டைக் கடல் கடத்திக் கொடுத்த சேவைக்கு உண்டு. இந்த நுட்பத்தைக் கண்டு இவ்வாய்வாளன் சிறிது நேரம் பேனாவைக் கீழே வைத்துவிட்டான்.

காலம் பின்னிரவு மூன்று மணி. செங்கல்பட்டிலிருந்து பீச் ரயிலுக்குப் போகிறவர்கள்கூட இன்னொரு முறை புரண்டு படுக்கும் நேரம்.

வகைப்பாடு

சிறுகளவு நான்கு வகைப்படும் என்ப. அவை நோட்டம், சந்தா, இரட்டை, மறதி.

இரட்டை என்பது ஒரே பில்லுக்கு இரண்டு முறை தேய்ப்பது. பழி எப்போதும் மெஷின் மேல்.

சந்தா, முதல் மாதம் 1 ரூபாய் என்று வரும். பிறகு பிள்ளை பேரன் காலம்வரை நிற்கும்.

நோட்டம் சற்று விரித்துரைக்கத் தக்கது. கார்டின் கடைசி இலக்கம் வெறும் இலக்கம் அன்று. முன்னுள்ள இலக்கங்களுக்குச் சாட்சி. ஐ.பி.எம். பொறியாளர் ஹான்ஸ் பீட்டர் லூன் 1954-இல் விண்ணப்பித்து 1960-இல் காப்புரிமை பெற்ற கணக்கு அது. கைதவறி ஓர் எண்ணை மாற்றி எழுதினால் காட்டிக்கொடுப்பதுதான் அதன் வேலை; கள்வனைக் காட்டிக்கொடுப்பது அன்று. மனம்போன போக்கில் எழுதிய எண்களில் பத்தில் ஒன்று இந்தச் சோதனையில் தேறிவிடும். ஆகவே எண்களை இயந்திரத்தால் பெருக்கி, தேறியவற்றை ஏதாவது ஒரு கடையில் சில்லறைத் தொகைக்குப் போட்டுப் பார்க்கிறார்கள். திருடி வாங்கிய எண் பட்டியலுக்கும் இதே சோதனைதான். தொகை போய், ஆட்சேபமும் வராவிட்டால், கார்டு உயிரோடு இருக்கிறது, அறிக்கை படிக்கிற வழக்கம் அந்த வீட்டில் இல்லை என்று இரண்டு செய்தி ஒரே செலவில் கிடைக்கும். பெரிய தொகை அடுத்த வாரம் வரும்.

உள்நாட்டு இணையக் கடையில் ஓ.டி.பி. கேட்பார்கள், 2009 முதல் இங்கே இரண்டாம் சரிபார்ப்பு கட்டாயம். வெளிநாட்டுக் கடைகள் பலவற்றுக்கு அந்தக் கவலை இல்லை. சாசனத்தில் அயல்நாட்டு ஊர் வந்த காரணம் இதுவே.

கடைப் பெயரியல்

இனி ஆய்வின் உயிர்நிலை. கார்டு மெஷினிலிருந்து வங்கிக்குப் போகும் செய்திக்கு ஐ.எஸ்.ஓ. 8583 என்ற உலக இலக்கணம் ஒன்று உண்டு. அதன் 43-ஆம் புலம் கடையின் பெயரும் ஊரும் எழுதும் இடம். மொத்தம் 40 எழுத்து. தர்மராஜ ரதத்தில் பல்லவன் தன் பட்டப்பெயர்களைச் சுற்றிச் சுற்றி வெட்டிக்கொண்டபோது அவனுக்கு இந்த நெருக்கடி இல்லை. கிழக்குக் கடற்கரைச் சாலை ஓட்டல்காரருக்கு இருக்கிறது. போதாக்குறைக்கு, பலகையில் ஒரு பெயர், பதிவு செய்த நிறுவனத்துக்கு இன்னொரு பெயர். கடற்கரைக் கோயிலைப் பார்த்துவிட்டு வஞ்சிரம் வறுவல் சாப்பிட்டவர் அறிக்கையில் ஏதோ ஒரு டிரேடர்ஸ் வந்து நிற்கும். மீனுக்கும் டிரேடர்ஸுக்கும் என்ன உறவு என்று அவர் வங்கிக்கு போன் செய்வார். உண்மையான கள்வனோ நல்ல தெய்வப் பெயராக வைத்துக்கொண்டு பத்திரமாக இருப்பான்.

இப்பெயர்களைப் படிப்பதில் மூன்று பள்ளிகள் உள்ளன.

அகச்சான்றுப் பள்ளியார், பெயரைப் பலமுறை வாய்விட்டுப் படித்தால் பொருள் தானே புலப்படும் என்பர் (பால்கணக்கு நோட்டு, பின்அட்டை). புறச்சான்றுப் பள்ளி, "அன்னைக்கு எங்க போனீங்க?" என்ற ஒற்றைச் சூத்திரத்தின் மேல் நிற்பது. இதன் தலைமைப் புலவர் என் மனைவி. அவர் கொண்ட பாடத்தை மறுத்தவர் எவரும் மறுபடி எழுதியதாகத் தெரியவில்லை. மூன்றாவது ஐயப்பள்ளி, எல்.ஐ.சி. பிரீமியம் உட்பட எல்லாமே மோசடி என்னும் கொள்கை (மாடிவீட்டுத் தாத்தா உரை, மின்கட்டண அட்டையின் மறுபக்கம், பென்சில் பாடம், மழையில் நனைந்தமையால் 'வங்கி' என்பதை 'வாங்கி' என்றும் கொள்ள இடமுண்டு). தாத்தாவின் கொள்கைக்கு எதிராக விரிவான மறுப்பொன்று இருந்தது (பேத்தியின் கணக்கு நோட்டு, நடுப்பக்கம், யானைப் படத்துக்கு இடப்புறம், வகுப்பாசிரியை சிவப்பு மையில் 'பார்த்தேன்' என எழுதிய பிரதி; இதன் திருத்திய பதிப்பு பரணில் வைக்கப்பட்டு, கரையான் பதிப்பாசிரியராகப் பொறுப்பேற்றபின் எஞ்சியது முன்னுரை மட்டும்). அந்த முன்னுரையும் நன்றி கூறுவதோடு நின்றுவிடுகிறது. பல பல்கலைக்கழக ஆய்வேடுகளில் நிலைத்து நிற்கும் பகுதியும் அதுவேயாகலான், இதை இழப்பென்று கொள்ள வேண்டியதில்லை.

ஈண்டு மாமல்லபுரத்துப் பெரும்பாறைச் சிற்பத்தை நோக்குக. அது அர்ச்சுனன் தவம் என்று ஒரு கட்சி. கங்கை இறங்குவது என்று விக்டர் கோலுபேவ் 1914-இல் எழுதிய நாள் முதல் மறுகட்சி. அவ்வூரில் உள்ளவை எல்லாம் பல்லவன் ராஜசிம்மன் ஒருவனே செய்வித்தவை என்று தொல்லியலாளர் நாகசாமி 1962-இல் சொல்லப்போக, அது தனி வழக்கு. தவம் செய்தவன் யார், செய்வித்தவன் யார் என்று நூறாண்டுச் சண்டை. கீழே, யானையின் காலடியில், பின்னங்காலில் நின்று முன்னங்கால் இரண்டையும் தலைக்கு மேல் தூக்கித் தவம் செய்கிறது ஒரு பூனை. சுற்றிலும் எலிகள், பயமில்லாமல். அந்தப் பூனை என்ன செய்கிறது என்பதில் மட்டும் எந்த அறிஞருக்கும் கருத்து வேறுபாடு இல்லை. எலிகளுக்குத்தான் தெரியவில்லை. இவ்வாய்வாளன் கருத்தில் 49 ரூபாய் அந்தப் பூனையின் முன்னங்கால்.

மறதி

எல்லா அந்நியப் பெயரும் கள்வன் பெயர் அன்று. பல்லவ மன்னன் மகேந்திரவர்மன் தன் மத்தவிலாசப் பிரகசனத்தில் கபாலியைக் குடிக்கவைத்து, அவன் கபாலத்தைத் தொலைக்கவைத்து, பௌத்த பிக்கு மேல் பழிபோட வைத்தான். காஞ்சித் தெருவில் அத்தனை தர்க்கம். கடைசியில் பார்த்தால், எடுத்தது நாய். அதனிடமிருந்து பறித்தது ஒரு பைத்தியக்காரன். வீட்டுப் பையன் விளையாட்டுக்குள் வாங்கிய வைரக்கற்களைக் கண்டு வங்கியின் மேல் பாய்கிறவர்கள் ஏழாம் நூற்றாண்டிலேயே நாடகமாகிவிட்டார்கள்.

ஒப்பியல்

பெரிய அளவில் இது நடந்து, கணக்கோடு வெளிவந்த வழக்கு 2010-இல் அமெரிக்காவில். அந்நாட்டு வணிக ஆணையம் தொடுத்த வழக்கின்படி, 16 பொய் நிறுவனங்களின் பெயரால் பத்து லட்சத்துக்கு மேற்பட்ட கார்டுகளில் 20 சென்ட் முதல் 10 டாலர் வரை எடுத்திருக்கிறார்கள். பெரும்பாலும் ஒரு கார்டில் ஒரே ஒரு முறை. நூற்றில் 94 பேர் ஆட்சேபிக்கவே இல்லை. அந்த 94 பேரும் நம் மைத்துனர் மரபைச் சேர்ந்தவர்கள் என்பது வெளிப்படை. ஆயினும் சிங்கப்பெருமாள் கோயில் மரபு அட்லாண்டிக் கடந்த வழி மேலாய்வுக்குரியது.

இந்த மாவட்டத்தில் சின்னச் சின்னதாக எடுப்பது புதிதன்று. 1767 முதல் 1774 வரை பார்னார்டு என்ற பொறியாளர் செங்கல்பட்டுச் சீமையில் இரண்டாயிரம் ஊரை அளந்தபோது, களத்து நெல்லிலிருந்து கோயிலுக்கு, கணக்குப்பிள்ளைக்கு, தலையாரிக்கு என்று எடுத்த மேரை எல்லாம் ஓலையில் ஏறியிருந்தது. எடுத்தவன் இன்னான் என்று பெயர் இருந்தது, உயிரெழுத்துகளோடு. பழைய செங்கல்பட்டு மாவட்டத்தைச் சேர்ந்திருந்த உத்திரமேரூரில் முதலாம் பராந்தகன் காலக் கல்வெட்டுகள், 919, 921-ஆம் ஆண்டுகளவை, வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவனும் அவன் உறவுக்காரரும் குடவோலைக்கு ஆகார் என்கின்றன. மைத்துனர்கள் கவனிக்க.

காப்பியல்

இந்த இயல் சுருக்கமானது. பயனுள்ளதாகையால் ஆய்வேட்டுக்கு அத்தனை பொருத்தமுமில்லை.

கார்டில் இணையம், வெளிநாடு, தட்டிச் செலுத்தல் ஆகியவற்றைத் தனித்தனியே அணைத்து வைக்கும் சுவிட்ச் தர வேண்டும் என்று ரிசர்வ் வங்கி 2020 ஜனவரியில் ஆணையிட்டது. அது வங்கி ஆப்பில் மூன்றாவது திரைக்குள், பாறைமறைவுக் குடைவரை போல இருக்கும். வெளிநாட்டை அணைத்து வையுங்கள். தேவைப்படும் அன்று திறந்து, வாங்கி, மூடுங்கள். எவ்வளவு சிறிய தொகைக்கும் குறுஞ்செய்தி வரும்படி வைத்துக்கொள்ளுங்கள். சந்தா போகும்முன் 24 மணி நேரத்துக்கு முந்தி அறிவிப்பு வர வேண்டும் என்பது 2021 அக்டோபர் முதல் விதி. அதை விளம்பரம் என்று அழிக்கிறவர்கள் அழித்துக்கொண்டிருக்கலாம்.

தெரியாத தொகை வந்தால் முதலில் கார்டை முடக்கவும். பிறகு கார்டின் முதுகில் உள்ள எண்ணுக்கு அழைக்கவும். இணையத்தில் தேடி எடுத்த எண்ணுக்கு அழைத்தால் 49 ரூபாய்க்காரனின் அண்ணன் பேசுவான். 2017 ஜூலை 6 ரிசர்வ் வங்கிச் சுற்றறிக்கையின்படி, தவறு உங்களதுமன்று வங்கியினதுமன்று எனில், செய்தி வந்த மூன்று வேலை நாளுக்குள் சொன்னால் உங்கள் இழப்பு பூஜ்யம். நான்கு முதல் ஏழு வேலை நாள் என்றால், 5 லட்சம் வரை வரம்புள்ள கிரெடிட் கார்டுக்கு 10,000 ரூபாய் வரை உங்கள் தலையில் விழலாம். சொன்ன பத்து வேலை நாளுக்குள் தொகையைத் தற்காலிகமாகவாவது திருப்பி வைக்க வேண்டும். குற்றம் வாடிக்கையாளருடையது என்று நிறுவும் பாரம் வங்கியுடையது. ஓ.டி.பி.யை நீங்களே வாசித்துக் காட்டியிருந்தால் இப்பத்தி உங்களுக்கன்று. உடனே சைபர் குற்ற உதவி எண் 1930-க்கு அழைக்கவும். வங்கி முப்பது நாளில் பதில் சொல்லாவிட்டால் ரிசர்வ் வங்கிக் குறைதீர்ப்பாளரிடம் போகலாம், கட்டணமில்லை.

முடிபும் மேலாய்வும்

வங்கி நியாயமாகவே நடந்துகொண்டது. "49 ரூபாய்க்கா சார்?" என்று ஒருமுறை கேட்டதைத் தவிர வேறு ஆட்சேபம் இல்லை. 49.00 திரும்பி வந்தது. 1.72-ம் 31 காசும் வரவில்லை. அவை தனிப் பதிவுகளாம். தனி மனு வேண்டுமாம்.

ஆகவே 2 ரூபாய் 3 காசு குறித்த இரண்டாம் தொகுதிக்கு இவ்வாய்வாளன் ஒரு நல்கைக் குழுவிடம் நிதி கேட்டு விண்ணப்பிக்கப் போனான். விண்ணப்பக் கட்டணம் கார்டில் மட்டுமே செலுத்த முடியுமாம். 'இந்தக் கார்டை நினைவில் வைத்துக்கொள்' என்ற கட்டத்தில் அவர்களே டிக் போட்டு வைத்திருந்தார்கள்.