ஒன்றாம் எண்ணின் மகிமை

இயந்திர உறுப்புகளைக் கணினியில் முப்பரிமாணமாக வடிவமைக்க உதவுவதும், தன் மூல நிரலை எவரும் படித்துத் திருத்த இடந்தருவதுமான ஃப்ரீகேட் மென்பொருள், 2002 முதல் இருபதாண்டுகளுக்கு மேலாகப் பூச்சியத்தில் தொடங்கும் பதிப்பெண்களையே சுமந்து வளர்ந்தபோது அதனை அவ்வளவாக ஏறெடுத்துப் பார்க்காத செய்தியுலகம், 2024 நவம்பரில் 1.0 வெளிவந்ததும் ஒரு குழந்தை பிறந்துவிட்டதெனக் குதூகலித்தது. தொடக்க வரைபடத்தைச் சற்றே திருத்தினாலும் முகங்களுக்கும் விளிம்புகளுக்கும் மென்பொருள் இட்டிருந்த பெயர்கள் இடம்மாறி, அவற்றை நம்பிய பிந்தைய படிகள் குலைந்துபோகும் நெடுநாள் கோளாறை அப்பதிப்பு பெருமளவு தணித்ததே மெய்யான செய்தி; தலைப்பில் அடங்காத அதனை விடுத்து, ‘இலவசம்’ என்ற சொல் (விலையில்லாப் பொருளுக்கும் விலைதானே முதல் தகுதி!) முன்னிறுத்தப்பட்டது. உருவாக்கக் காலத்தில் வழங்கிய 0.22 என்ற எண்ணுடனேயே அது வெளிவந்திருந்தால், இந்த ஆரவாரமும் மிஞ்சியிருக்காது.