மாலைப் பெரட்டு

ஜாசின் சந்தையில் பத்துக் கம்போங் கோழிக் குஞ்சுகளை வாங்கினேன். விற்றவர் விலையைச் சொன்னார், தீனியைச் சொன்னார். பெரிதானதும் அவை இரவில் எங்கே தூங்கும் என்பதை மட்டும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. கோழி கூண்டில் தூங்கும். இதில் கேட்க என்ன இருக்கிறது?

வேலையிலிருந்து ஓய்வு பெற்றவன் கையில் நேரமும் சுத்தியலும் ஒன்றாகக் கிடைக்கக் கூடாது. இரண்டு வாரம் பாடுபட்டுக் கூண்டு கட்டினேன். தகரக் கூரை. உடும்பு தோண்டாமலிருக்க அடியில் சிமெண்டு. மலைப்பாம்பை நினைத்துச் சின்னக் கண் வலை. மூசாங்கை நினைத்து இரண்டு தாழ்ப்பாள். மனைவி கூண்டைச் சுற்றி வந்து பார்த்துவிட்டு, "நம்ம வீட்டுப் பின்கதவுக்கே ஒரு தாழ்ப்பாள்தாங்க இருக்கு" என்றாள்.

முதல் சில வாரங்கள் குஞ்சுகள் பெட்டிக்குள் பல்பு வெளிச்சத்தில் ஒன்றோடொன்று ஒட்டிக் கிடந்தன. இரண்டு மாதம் ஆனதும் கிரகப்பிரவேசம் செய்துவைத்து, மறுநாள் காலை கதவைத் திறந்துவிட்டேன். சாயங்காலம் போய்ப் பார்த்தால் கூண்டு காலி. பத்தும் ரம்புத்தான் மரத்தில் வரிசையாக உட்கார்ந்திருந்தன.

முதல் நாள் அரிசியைக் கையில் வைத்துக்கொண்டு "பா... பா... பா..." என்று கூப்பிட்டேன். பத்துத் தலையும் ஒரே பக்கமாகச் சாய்ந்து என்னைப் பார்த்தன. வரவில்லை. இரண்டாம் நாள் கம்பை எடுத்தேன். ஒரு கிளை மேலே போயின. மூன்றாம் நாள் ஏணி. முதல் கோழியைப் பிடித்துக் கூண்டில் போட்டேன். இரண்டாவதைக் கொண்டுவந்து கதவைத் திறந்தால் முதலாவது வெளியே ஓடியது. உள்ளே போடத் திறக்கிற கதவு வழியாக வெளியேயும் வரலாம் என்பது இரட்டைத் தாழ்ப்பாள் போட்ட மூளைக்கு எட்டவில்லை. பக்கத்து வீட்டுப் பாக்சிக் வேலியோரம் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துவிட்டார். அவர் வீட்டில் அந்த வாரம் யாரும் டிவி பார்க்கவில்லை.

சரி, வெளிச்சம் இருக்கும்போதே அடைத்துவிடலாம் என்று ஆறரைக்கே போய் நின்று பார்த்தேன். கோழிகள் சாவகாசமாக மண்ணைக் கிளறிக்கொண்டிருந்தன. 1982 ஜனவரி 1 முதல் நம் தீபகற்பத்துக் கடிகாரங்களை அரை மணி நேரம் முன்னே தள்ளி, சபா, சரவாக்கோடு ஒன்றாக்கினார்கள். மனிதர்கள் நாங்கள் ஒரே ராத்திரியில் பணிந்துவிட்டோம். கோழிகளுக்கு அந்தச் சுற்றறிக்கை இன்னும் வந்து சேரவில்லை. பொழுது மங்கினால்தான் அடையும். ஏழு மணிக்கு மேல் மங்கியது. அடைந்தன. மரத்தில்.

இந்த நேரத்தில்தான் மெர்லிமாவில் தங்கை வீட்டிலிருந்த அம்மா வந்து சேர்ந்தார். எண்பது வயது. லேடாங் மலை அடிவாரத்தில், ஆசாகான் பக்கத்துத் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர். மலாக்காவின் புக்கிட் லிந்தாங்கில் டான் சாய் யான் 1896இல் ரப்பர் நட்டார். பிறகு ஆசாகானிலும் பெரிய அளவில் நட்டார். ரப்பர் வந்தது, அதோடு பெரட்டும் வந்தது. விடிவதற்கு முன் களத்தில் வரிசையாக நின்று, கிராணி பேர் கூப்பிட்டால் குரல் கொடுக்க வேண்டும். அம்மாவின் பாதி ஆயுள் அந்த வரிசையில் கழிந்தது.

அம்மா என் கூண்டுக்குள் தலையை நீட்டிப் பார்த்தார்.

"உள்ள குச்சி எங்கடா?"

"எதுக்கும்மா?"

"நீ படுக்கக் கட்டில் வேணும், அதுக்குக் குச்சி வேணாமா? காட்டுக்கோழிச் சாதிடா அது. தரையில எப்படிப் படுக்கும்?"

வீட்டுக்கோழியின் மூதாதை காட்டுக்கோழி என்று டார்வின் புத்தகம் எழுதிச் சொன்னார். அம்மா தமிழ்ப்பள்ளியில் மூன்றாம் வகுப்போடு நின்றவர். அந்தக் காட்டுக்கோழி இன்றும் நம் செம்பனைத் தோட்டங்களில் மேய்கிறது, இருட்டினால் மரமேறித் தூங்குகிறது. என் கோழிகள் அடங்காப்பிடாரிகள் இல்லை. உயரத்தில் ஒரு பிடிமானம் தேடின. என் மாளிகையில் அது இல்லை, ரம்புத்தான் மரத்தில் இருந்தது.

மறுநாளே இரண்டு அங்குல அகலச் சட்டத்தை விளிம்பு மழுக்கி, தட்டையான பக்கம் மேலே இருக்கும்படி அடித்தேன். கோழிக்கு ஒரு சாண் இடம். எல்லாச் சட்டமும் ஒரே உயரம். "ஒண்ணு மேல ஒண்ணு கீழன்னு வெச்சா, மேல் குச்சிக்கு அடிச்சிக்கும். மனுசங்க மாதிரிதான்" என்றார் அம்மா.

அன்று இரவு நன்றாக இருட்டும்வரை காத்திருந்தோம். "டார்ச்ச அணைடா. இருட்டுல கோழிக்குக் கண்ணு தெரியாது, சும்மா இருக்கும்." உண்மைதான். மூன்று நாளாக என்னை ஓட ஓட விரட்டிய சேவல், பழுத்த பப்பாளி போலக் கைக்கு வந்தது. சட்டத்தில் வைத்ததும் விரல்கள் தாமாக மடங்கி இறுகின. இறகை ஒருமுறை உதறிவிட்டுக் கழுத்தை உள்ளே இழுத்துக்கொண்டது. ஏணியில் பத்து நடை. ஒன்றுகூட வெளியே ஓடவில்லை.

பிறகு ஐந்து நாள் கதவைத் திறக்கவே இல்லை. தீனி, தண்ணீர் எல்லாம் உள்ளேயே. "லயத்துல வீடு குடுத்த அன்னிக்கே அது எவனுக்கு வீடாச்சு? நாலு ராத்திரி படுத்து எந்திரிச்சாத்தான் ஆகும்" என்றார் அம்மா. ஆறாம் நாள் திறந்துவிட்டோம். மாலையில் கூண்டுக்குள் மட்டும் கொஞ்சம் சோளம் தூவினோம்.

இப்போது தினமும் ஏழு மணிக்கு மாலைப் பெரட்டு. அம்மா பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து பேர் கூப்பிடுகிறார். எண்பது வயதில் கிராணி உத்தியோகம் கிடைத்துவிட்டது. சேவலுக்கு மண்டோர் என்று பேர். அது முதலில் உள்ளே போகும். மற்றவை பின்னால் போகும். ஒரு பெட்டைக்குப் பேர் பொந்தெங். பள்ளிக்கு மட்டம் போடுகிற பிள்ளையை இந்த நாட்டில் அப்படித்தான் சொல்வோம். கொட்டுகிற மழையிலும் அது ரம்புத்தான் கிளையில் நனைந்தபடி இருக்கும். ஒரு கையில் குடை, ஒரு கையில் கோழியாக ஏணியில் இறங்குவது என் வேலை. பாக்சிக் நாற்காலி இன்னும் வேலியோரம்தான் இருக்கிறது.

மூன்று மாதக் கணக்கு இது: பத்துக்கு ஒன்பது தானாகவே வருகின்றன. கோழி வாங்கப் போகிறவர்களுக்கு ஒன்று சொல்வேன். தாழ்ப்பாள் வாங்கக் கடைக்குப் போவதற்கு முன்னால், கூண்டுக்குள் ஒரு குச்சியைக் கட்டுங்கள்.